30க்கு 16: அப்பாவின் மறதி நோயும் நான் வீணாக்கிய ஓராண்டும்

2018 டிசம்பரில், தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரின் அறையில், 74 வயதான என் அப்பாவிடம் இன்று என்ன கிழமை, இது எந்த மாவட்டம், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தால் என்ன வரும், சற்று முன் சொன்ன மூன்று பொருள்கள் எவை என்று வரிசையாகக் கேட்டார்கள். முடிவில் ஒரு தாளில் 30க்கு 16 என்று குறித்தார்கள். அல்சைமர் என்ற மறதி நோயின் நடுநிலைக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறார் என்று மருத்துவர் சொன்னது என் காதில் சரியாக விழவில்லை. நான் கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். மதிப்பெண்ணைப் பார்த்தவுடன் அடுத்த தேர்வுக்குள் அதை எப்படி உயர்த்துவது என்றுதான் என் மனம் ஓடியது. அந்தப் புத்தியால் நான் ஓராண்டுக்கும் மேலான காலத்தையும் ஏறக்குறைய 70,000 ரூபாயையும் இழந்தேன். அப்பா இழந்தது அதைவிட அதிகம். அந்த ஓராண்டு முழுவதும் அவர் தம் சொந்த வீட்டிலேயே தோற்றுக்கொண்டிருந்தார். இதைப் போன்ற ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அதற்கு முன்பே அறிகுறிகள் தெரிந்துதான் இருந்தன. ஐம்பது ஆண்டுகளாக நடந்த தெருவில் வீட்டைக் கடந்து போய்விடுவார். பால்காரருக்கு ஒரே நாளில் இருமுறை பணம் கொடுப்பார். வயதானால் அப்படித்தான் என்று உறவினர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். அப்படி ஆறேழு மாதங்கள் போயின. மருத்துவர் முதலில் வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, மூளை ஸ்கேன் ஆகியவற்றை எடுக்கச் சொன்னார். பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் இத்தகைய மறதி வரலாம் என்பதால் இந்தச் சோதனைகளை யாரும் தள்ளிப்போட வேண்டாம். காதையும் கண்ணையும் சோதித்துவிடுவது நல்லது. என் அப்பாவுக்கு வலது காது பாதிதான் கேட்டது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் அறிந்தேன். அதற்குள் நான் சொன்னதை அவர் புரிந்துகொள்ளவில்லை என்று எத்தனையோ முறை கோபித்திருந்தேன்.

டோனெபெசில் மாத்திரையை எழுதித் தந்த மருத்துவர், இது நோயைக் குணப்படுத்தாது, சிலருக்குச் சில காலம் ஓரளவு உதவும் என்று விளக்கிவிட்டு, வெளியே அடுத்த நோயாளி காத்திருந்த நிலையில், "மூளைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்றார். நல்ல அறிவுரைதான். ஆனால் என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே மூளை வேலை பாடமும் தேர்வும்தான். மறுநாள் காலையிலிருந்து பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். இன்று தேதி என்ன? நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்? இந்தப் புகைப்படத்தில் இருப்பது யார்? தம்பியின் குழந்தைகளுடைய பெயர் என்ன? சொல்லத் தெரியாதபோது சொல்லிக்கொடுத்து, மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்து, மாலையில் மறுபடியும் கேட்பேன். முதல் வாரம் சிரித்து மழுப்பினார். பிறகு குரலை உயர்த்தினார். இரண்டு மாதம் ஆனதும் என் செருப்புச் சத்தம் கேட்டாலே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். நான் அதையும் நோயின் கணக்கில்தான் எழுதினேன்.

அந்தக் காலத்தில் பணம் போன வழியைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நினைவாற்றலை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்த ஓர் இணையவழிப் பயிற்சிக்கு மூன்று மாதக் கட்டணம் 24,000 ரூபாய். அதற்காக வாங்கிய டேப்லெட் 13,500 ரூபாய். மூளைக்கு வலு சேர்க்கும் என்று தெரிந்தவர் ஒருவர் தலையில் கட்டிய பொடிக்கும் தைலத்துக்கும் 11,000 ரூபாய். மரப் புதிர்கள், படம் பொருத்தும் அட்டைகள், வண்ணம் தீட்டும் புத்தகங்கள் என்று 3,200 ரூபாய். திரையில் பறக்கும் பலூன்களைத் தொட்டால் மணியடிக்கும் அந்தப் பயிற்சியின் நான்காம் நாளில் அப்பா டேப்லெட்டைத் தரையில் போட்டுவிட்டு, "நான் என்ன எல்கேஜி பிள்ளையா?" என்றார். அந்த ஆண்டு முழுவதும் அவர் சொன்ன மிகத் தெளிவான வாக்கியம் அதுதான், நான்தான் காதில் வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த சோதனையில் 30க்கு 14 வந்தது. பேருந்தில் திரும்பி வரும்போது, படிக்காத மாணவனிடம் பேசுவது போல அவரிடம் பேசினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

2019 ஆடிக்குப் பிறகு மாலை நேரம் பெரும் போராட்டமாகிவிட்டது. ஐந்து மணியானால் கதவைப் பிடித்து இழுப்பார், வேலைக்கு நேரமாகிவிட்டது என்பார், தடுத்தால் அடிக்கவும் வருவார். உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட பத்தாவது நாள், தள்ளாடி வாசற்படியில் விழுந்து நெற்றியில் ஐந்து தையல் போடும்படி ஆயிற்று. இத்தகைய மனநோய் மருந்துகளை மறதி நோயுள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்திருந்தது என்பதைத் தஞ்சாவூர் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். எல்லாருக்கும் அவை கூடவே கூடாது என்பதில்லை. எதற்காக, எவ்வளவு நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் கேட்காமல் வாங்கி வரக்கூடாது, நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவதாகச் சொன்ன ஒரு முகமைக்கு 18,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். வந்தவர் ஆறாம் நாள் சொல்லாமல் போய்விட்டார். முன்பணம் திரும்பி வரவில்லை. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

2020 தை மாதத்தில் உறவினர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். அப்பா அதைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். இதுகூடப் படிக்கத் தெரியவில்லையே என்று நான் வாங்கப் போனேன். அவர் கையை விலக்கிவிட்டு, கட்டைவிரலை ஒரு வரியின் மேல் மெதுவாக ஓட்டி, "மாப்பிள்ளை பேருக்கும் ஊருக்கும் நடுவுல ஸ்பேஸ் பத்தலை, யார் கம்போஸ் பண்ணினது?" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. என் அப்பா 16 வயதிலிருந்து கும்பகோணத்து அச்சகங்களில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கையில் பிடிக்கும் சிறு சட்டமான ஸ்டிக்கில் அடுக்கும்போது எழுத்துகள் தலைகீழாகவும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியும் இருக்கும். அவற்றை அப்படியே படிப்பது அந்தத் தொழிலின் பழக்கம். அந்தப் பழக்கம் போகவில்லை. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியை அல்சைமர் நோய் முதலிலேயே தாக்குகிறது. பல்லாண்டுகள் செய்து செய்து கை கற்றுக்கொண்ட வேலைகள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் அவை இன்னும் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கின்றன. நான் ஓராண்டாக அவருடைய இடிந்த சுவரையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே பரணில் ஏறி, அச்சகம் மூடியபோது அவர் கொண்டுவந்திருந்த, எழுத்துகளைப் போட்டுவைக்கச் சிறு சிறு அறைகள் உள்ள மரக் கேஸையும் இரண்டு டப்பா ஈய எழுத்துகளையும் இறக்கினேன். ஒன்றும் சொல்லாமல் அவர் முன்னால் வைத்தேன். கலந்து கிடந்த எழுத்துகளைப் பிரித்து அறை அறையாகப் போடத் தொடங்கினார். வேலை முடிந்த அச்சுப் பக்கத்தைக் கலைத்துப் பிரித்துப் போடுவது அச்சகத்தில் தினமும் நடப்பது. ஒன்றேகால் மணி நேரம் அசையவில்லை. ஐந்து மணி வந்து போனதை இருவருமே கவனிக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று அழுதேன். அதில் மகிழ்ச்சி பாதி, குற்ற உணர்வு பாதி. ஆனால் மூன்று வாரம் கழித்து மருத்துவரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் முகம் மாறியது. அச்செழுத்து என்பது ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகம். கையில் ஒட்டும் ஈயம் சாப்பாட்டோடு உள்ளே போகும், இவர் சில நேரம் பொருள்களை வாயில் வைக்கவும் செய்கிறார், உடனே நிறுத்துங்கள் என்று சொல்லி இரத்தத்தில் ஈய அளவையும் பார்க்கச் சொன்னார். எந்தப் பொருளைக் கொடுப்பதற்கு முன்பும் அது நச்சா, கூரானதா, தொண்டையில் சிக்குமா என்று பார்த்துவிடுங்கள்.

தச்சர் ஒருவரிடம் இரண்டு அங்குல நீளத்துக்குத் தேக்குக் கட்டைகளை அறுக்கச் சொல்லி, இழைத்து, பெரிய எழுத்துகளை அச்சிட்டு ஒட்டினேன். மொத்தச் செலவு 2,100 ரூபாய். முதல் நாள் அப்பா எதையோ தேடிக் களைத்து, "கேஸ்ல எழுத்து குறையுது" என்று எழுந்துவிட்டார். இரண்டு நாள் உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்பு லை, னை, ணை, ளை ஆகியவை முன்னால் துதிக்கை போல வளைந்த வடிவத்திலும் ணா, றா, னா ஆகியவை ஒரே எழுத்தாகச் சுழித்தும் அச்சிடப்பட்டன. அவர் தொழில் கற்ற காலத்து எழுத்துகள் அவை. பழைய பஞ்சாங்கம் ஒன்றிலிருந்து நகலெடுத்து அவற்றையும் ஒட்டிக் கொடுத்தேன். அதன்பின் தடங்கல் இல்லை. செய்கிற வேலை அவருடைய எந்த வயதைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வெறுமனே தொழிலை மட்டும் அறிந்தால் போதவில்லை.

வேலையைத் தொடங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. "இதைச் செய்யுங்கள்" என்று விளக்கினால் அவருக்குப் புரியாது, பதற்றம்தான் வரும். நான் எதிரில் அமர்ந்து, இரண்டு கட்டைகளை எடுத்து அறையில் போட்டுவிட்டு மூன்றாவதை அவர் கைக்கு நீட்டுவேன். தொலைக்காட்சியை அணைத்துவிடுவேன். ஜன்னல் வெளிச்சம் இடது தோளுக்கு மேலிருந்து விழும்படி மேசையைப் போட்டேன், ஏனென்றால் நிழல் விழுந்தால் அதைப் பூச்சி என்று தட்டுவார். மேசை விரிப்பைப் பூப்போட்டதிலிருந்து ஒரே நிறத்துக்கு மாற்றினேன். மாலை நாலரைக்கே தொடங்கிவிட்டால் ஐந்து மணிப் பதற்றம் பெரும்பாலான நாள்களில் வராது. களைப்பு தெரிந்தால் இருபது நிமிடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். க வரிசையில் த எழுத்தைப் போட்டால் திருத்தக்கூடாது. இந்தக் கடைசி விதியைப் பின்பற்றத்தான் நான் மிகவும் சிரமப்பட்டேன். சிவப்பு மை பிடித்த கை அல்லவா.

இதையெல்லாம் தற்செயலாகக் கண்டுபிடித்த பிறகுதான், இதற்கென்று முறைகள் வகுக்கப்பட்டிருப்பதை அறிந்தேன். அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் என்பவர் மாண்டிசோரி கல்வி முறையை மறதி நோயாளிகளுக்குப் பொருத்தியவர்: கையால் தொட்டுச் செய்யும், சிறு படிகளாகப் பிரித்த, தவறு செய்ய இடம் குறைந்த வேலைகள். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர் என்று பயிற்சிக் கல்லூரியில் நான் தேர்வே எழுதியிருக்கிறேன். இன்னொன்று, இங்கிலாந்தில் உருவான அறிவுத்திறன் தூண்டல் சிகிச்சை. சிறு குழுவாக அமர்ந்து வாரத்துக்கு இரண்டு என ஏழு வாரங்களில் 14 அமர்வுகள்: ஒலிகள், உணவு, இளமைப்பருவம், பணம், சொல் விளையாட்டு என்று நாளுக்கொரு பொருள். சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனத்தினர் அதை நம் சூழலுக்கு ஏற்ப மாற்றிச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதன் அடிப்படை விதிகளில் ஒன்றைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று குத்தியது: தகவலைக் கேட்காதே, கருத்தைக் கேள். "இது என்ன காய்?" என்று கேட்டால் தவறான விடை என்று ஒன்று உண்டு. "கத்திரிக்காயில் கொத்சு நல்லதா, பொரியல் நல்லதா?" என்று கேட்டால் தவறான விடையே கிடையாது.

எங்கள் தெருவில் அப்படி ஒரு குழு இல்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகு, நினைவு நன்றாக இருக்கும் இரண்டு பெரியவர்களைத் திண்ணைக்கு அழைத்தேன். காப்பிக்கொட்டை வறுத்த மணம், பித்தளை டபராவின் சத்தம், பழைய பத்துப் பைசா நாணயம் என்று ஏதாவது ஒன்றை நடுவில் வைத்துவிட்டு நான் விலகிக்கொள்வேன். சில நாள் அப்பா ஒரு சொல்லும் பேசமாட்டார். ஒருநாள் நாணயத்தை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, "கூலி ரொம்பக் கம்மி" என்றார். மூவரும் சிரித்தார்கள். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இசை நன்றாகவே வேலை செய்தது, ஆனால் நான் நினைத்த இசை அல்ல. பக்திப் பாடல்களைப் போட்டால் காதைப் பொத்திக்கொண்டார். 15 முதல் 25 வயது வரை கேட்ட பாடல்கள் ஆழப் பதிந்திருக்கும் என்று படித்துவிட்டு, அவருடைய கணக்கில் 1959 முதல் 1969 வரையிலான திரைப்பாடல்களைத் தொகுத்தேன்; அந்தக் காலத்தில் அச்சகத்தில் நாள் முழுவதும் இலங்கை வானொலிதான் ஓடுமாம். பேச்சு மிகக் குறைந்துவிட்ட பிறகும் அந்தப் பாடல்களின் அடிகளைச் சொல் பிசகாமல் முணுமுணுத்தார். குளிக்க மறுக்கும் நாளில் பாட்டைப் போட்டுக்கொண்டே தண்ணீரை ஊற்றினால் சண்டை இல்லை. ஆனால் ஒரு பாடலுக்கு அழத் தொடங்கி அன்று முழுவதும் அடங்கவில்லை. அது அம்மாவுக்குப் பிடித்த பாட்டு என்று அத்தை சொல்லித்தான் தெரிந்தது. காதில் மாட்டும் ஹெட்போனை அவர் பிய்த்து எறிந்தார். ஓவியமும் களிமண்ணும் எங்கள் வீட்டில் தோற்றன. வேறொருவருக்கு அவையே உயிராக இருக்கலாம். துவரையையும் பயறையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லும்படி ஒருவர் யோசனை கூறினார். அப்பா பாதியில் நிமிர்ந்து, "யாருக்கு இது?" என்று கேட்டார். விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை, எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா விற்கும் ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு "மாவடு", "நார்த்தை" என்று அவர் அடுக்கிய கட்டைகளைப் படமெடுத்து ஜெராக்ஸ் கடையில் ஒட்டுச்சீட்டாக அடித்துக் கொடுத்தபோது அந்தக் கேள்வி எழவில்லை.

உறவினர்களைச் சமாளிப்பது தனி வேலை. துபாயிலிருந்து தம்பி ஒவ்வொரு வெள்ளியும் வீடியோவில் வந்து, "அப்பா, நான் யாருன்னு தெரியுதா?" என்றுதான் தொடங்குவான். தெரியாமல் விழித்துவிட்டு, அழைப்பு முடிந்தபின் அப்பா நெடுநேரம் கைகளைப் பிசைந்துகொண்டிருப்பார். நான் செய்த தவற்றையே அவனும் செய்கிறான் என்று சொல்ல எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. "அப்பா, நான் உங்க பையன் பேசறேன்" என்று பெயரைச் சொல்லித் தொடங்கு, கேள்வி கேட்காதே, அங்கே மழையா வெயிலா என்று நீயே பேசு என்று எழுதி அனுப்பினேன். வீட்டுக்கு வருபவர்களுக்கும் வாசலிலேயே இதைச் சொல்லிவிடுவேன்; சிலருக்குக் கோபம் வந்தது. என்னையே அவர் 2021க்குப் பிறகு பெரும்பாலும் "அக்கா" என்றுதான் அழைத்தார். முதல் முறை திருத்தினேன், பிறகு திருத்தவில்லை.

2022 மழைக்காலத்தில் எழுத்துகளைப் பிரிப்பது நின்றுபோனது. அதை நான் ஏற்றுக்கொள்ளாமல் இரண்டு வாரம் அதே கட்டைகளை நீட்டிக்கொண்டிருந்தேன். நோய் இறங்கும்போது வேலையையும் ஒரு படி இறக்க வேண்டும். பிரிப்பதற்குப் பதிலாக வரிசையாக நிறுத்துவது, அதுவும் முடியாதபோது பைண்டிங் வேலையில் செய்வதுபோல் தாளை இரண்டாக மடித்து நகத்தால் தேய்ப்பது, பிறகு கட்டையை உள்ளங்கையில் வைத்துத் தடவுவது, கடைசியில் நல்லெண்ணெய் தடவிக் கையைப் பிடித்துவிடுவது என்று ஒன்றரை ஆண்டு இறங்கினோம். இவை நோயை ஒரு நாளும் நிறுத்தவில்லை, மதிப்பெண் 2021இல் 30க்கு 8 வந்தது. ஆனால் அந்த அமைதிப்படுத்தும் மாத்திரையை மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாக நிறுத்த முடிந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் நான்கு மாதம் ஊதியமில்லா விடுப்பு எடுத்தேன். இரத்த அழுத்த மாத்திரை எனக்கும் வந்து சேர்ந்தது. யாரிடமும் கேட்காமல் எல்லாவற்றையும் தனியாகச் செய்ததில் எந்தப் பெருமையும் இல்லை. முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும், பார்த்துக்கொள்பவரின் மனநிலை கெடும்போது அழைக்க 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இருக்கின்றன. மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்காக 1992 முதல் இயங்கும் ஏஆர்டிஎஸ்ஐ என்ற இந்திய அமைப்புக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது என்ன மருந்து என்பதோடு, நோயாளியால் முடிந்த அன்றாட வேலைகளைக் கண்டறிந்து பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரைப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள்; எனக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

அப்பா 2024 மார்ச்சில் காலமானார். அதற்கு அடுத்த ஆடியில், எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு இதே நோய் என்று கேள்விப்பட்டு, தேக்குக் கட்டைகளை எல்லாம் துடைத்து ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். அவருடைய மருமகள் முகம் வாடியது. மறுவாரம் அவள் பழைய உறைகளை ஒரு கட்டாகச் சேர்த்து, முத்திரை செய்யும் கடையில் தேதி முத்திரை போன்ற ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வாங்கி, நச்சில்லாத மையும் வைத்துக் கொடுத்திருக்கிறாள். மதியம் மூன்று மணிக்கு அந்தப் பக்கம் போனால் டப், டப் என்று கேட்கிறது. கட்டைகளை நான் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.